பணியிலுள்ள மருந்தாளுநர்களுக்கு உயர்கல்வி: எந்தப் பயிற்சி எதற்குச் செல்லுபடியாகும்?

புதுதில்லி: மருந்துக் கடையிலோ மருத்துவமனை மருந்தகத்திலோ பணியாற்றும் மருந்தாளுநர் மேற்கொண்டு படிக்க விரும்பினால், அவர் முன்பு இருவகைக் கல்வி உள்ளது. ஒரு நாள் முதல் சில வாரங்கள் வரை நடைபெறும் தொடர் கல்விப் பயிற்சிகள் ஒரு வகை. ஆண்டுக்கணக்கில் கல்லூரிக்குச் சென்று பயிலும் பட்டப் படிப்புகள் மற்றொரு வகை. இரண்டின் முடிவிலும் சான்றிதழ் வழங்கப்படுகிறது. எனினும், சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல. தொடர் கல்விப் பயிற்சி, ஏற்கெனவே உள்ள பதிவைப் புதுப்பிக்கத் துணை நிற்கிறது. கல்வித் தகுதியை உயர்த்துவதோ அங்கீகரிக்கப்பட்ட பட்டப் படிப்பு மட்டுமே.

இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறியாதவர்கள், வார இறுதிச் சான்றிதழ்களைச் சேர்த்தால் பட்டத்தை எட்டிவிடலாம் என்று எண்ணிப் பணத்தையும் காலத்தையும் இழக்க நேரிடுகிறது. டி.பார்ம். பட்டயத்துடன் பணியில் உள்ளவர் முதல் முனைவர் பட்டம் நாடுபவர் வரை, நடைமுறையில் உள்ள வழிகளும் அவற்றுக்கான விதிகளும் இங்கு தொகுத்து வழங்கப்படுகின்றன.

சட்ட அடிப்படை

இந்தியாவில் பார்மசி கல்வியையும் தொழிலையும் நெறிப்படுத்துவது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் ஆகும். அச்சட்டத்தின்கீழ் 1949-ஆம் ஆண்டில் இந்திய பார்மசி கவுன்சில் அமைக்கப்பட்டது. பாடத்திட்டம், கல்லூரிகளுக்கான ஒப்புதல், குறைந்தபட்சக் கல்வித் தரம் ஆகியவற்றை இக்கவுன்சில் வகுக்கிறது. மருந்தாளுநர்களின் பெயர்களைப் பதிவேட்டில் சேர்ப்பதும், பதிவைப் புதுப்பிப்பதும் மாநில பார்மசி கவுன்சில்களின் பணியாகும்.

சட்டத்தின் 12-ஆவது பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற படிப்பை, ஒப்புதல் பெற்ற கல்வி நிறுவனத்தில் முடித்தவரே மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்ள இயலும். மருத்துவரின் மருந்துச் சீட்டின்படி மருந்து தயாரித்து வழங்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு என்று 42-ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே, ஒப்புதல் இல்லாத கல்லூரியில் பெற்ற பட்டம், சுவரில் மாட்டி வைக்கப் பயன்படலாமே தவிரத் தொழிலுக்குப் பயன்படாது.

பார்மசி கல்வியில் இறுதி அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி நீண்டகாலம் நீடித்தது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும் பார்மசி கவுன்சிலும் ஒரே கல்லூரிக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் மாணவர் சேர்க்கையை அனுமதித்த நிலை இருந்தது. பார்மசி கல்வியைப் பொறுத்தவரை பார்மசி சட்டமே மேலோங்கும் என்று 2020-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, படிப்பில் சேர விரும்புபவர் முதலில் சரிபார்க்க வேண்டியது பார்மசி கவுன்சிலின் ஒப்புதலையே ஆகும்.

தொடர் கல்வி ஏன் தேவைப்படுகிறது?

மருந்தாளுநர் கல்லூரியில் கற்றவை பல, அவர் பணியில் இருக்கும்போதே மாறிவிடுகின்றன. உதாரணமாக, 2014-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி 'எச்1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள் உள்ளிட்ட 46 மருந்துகள் அதில் இடம்பெற்றன. அவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதற்கு முன்பு பட்டயம் பெற்றவர்கள் இதனைப் பாடமாகப் படித்திருக்க வாய்ப்பில்லை.

கூட்டு மருந்துகளுக்கான தடைகளும் அவ்வாறே. ஒரே மாத்திரையில் நிலையான அளவில் பல மருந்துகளைச் சேர்த்துத் தயாரிக்கப்பட்டவற்றுள் 328 வகைகளுக்கு 2018 செப்டம்பரிலும், 14 வகைகளுக்கு 2023 ஜூனிலும், 156 வகைகளுக்கு 2024 ஆகஸ்டிலும் மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்தது. அதிகம் விற்பனையாகும் 300 மருந்துப் பெயர்களின் உறைகளில் கியூஆர் குறியீடு இடம்பெற வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. இத்தகைய மாற்றங்களை அறியாத மருந்தாளுநரால் தடை செய்யப்பட்ட மருந்து நோயாளியின் கைக்குச் செல்லக்கூடும்.

பட்டயப் படிப்பின் பாடத்திட்டமும் மாறியுள்ளது. 1991-ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குமுறை விதிகளே ஏறத்தாழ 30 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தன. 2020-ஆம் ஆண்டின் புதிய விதிகள் நோய்களுக்கான மருந்துச் சிகிச்சை முறை, சமூக பார்மசி ஆகியவற்றைத் தனிப் பாடங்களாகக் கொண்டுவந்தன. பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் உயர்கல்விக்குச் செல்லும்போது இடைவெளியை உணர்வது இப்பாடங்களில்தான்.

பதிவைப் புதுப்பிக்கப் புத்தாக்கப் பயிற்சி

2015-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிடப்பட்ட பார்மசி நடைமுறை ஒழுங்குமுறை விதிகள், தொடர் கல்வியைக் கட்டாயமாக்கின. பதிவைப் புதுப்பிக்க விரும்பும் மருந்தாளுநர், 5 ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில் பங்கேற்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியும் குறைந்தது ஒரு நாள் நடைபெற வேண்டும். இந்திய பார்மசி கவுன்சில், மாநில பார்மசி கவுன்சில்கள், தொழில்சார் அமைப்புகள் ஆகியவை இப்பயிற்சிகளை நடத்தலாம்.

இணையத்தில் கிடைக்கும் எல்லாச் சான்றிதழும் இந்த இரண்டில் ஒன்றாக ஏற்கப்படும் என்று கருதுதல் கூடாது. பதிவைப் புதுப்பிக்கும் அதிகாரம் மாநில கவுன்சிலிடம் இருப்பதால், எந்த அமைப்பு நடத்தும் பயிற்சி ஏற்கப்படும் என்பதை அங்கேயே கேட்டறிவது நல்லது. பயிற்சியின் நாள், நடத்திய அமைப்பு, பங்கேற்றவரின் பதிவு எண் ஆகியவை சான்றிதழில் தெளிவாக இடம்பெற்றிருப்பதும் அவசியமாகும்.

உயர்கல்விக்காகக் கல்லூரியில் சேர்ந்துவிட்டவருக்கும் இந்தக் கடமை நீங்குவதில்லை. படிப்பில் மூழ்கியிருக்கும் ஆண்டுகளில் புதுப்பிப்புக் கட்டணத்தையும் புத்தாக்கப் பயிற்சியையும் மறந்துவிட்டால், பட்டம் பெற்று வரும் வேளையில் பதிவு காலாவதியாகியிருக்கும் நிலை ஏற்படலாம்.

டி.பார்ம். முடித்தவர்களுக்கு மூன்று வழிகள்

பட்டயம் பெற்றுப் பணியில் உள்ளவர்களுக்கு மூன்று வழிகள் திறந்துள்ளன.

முதலாவது, பி.பார்ம். படிப்பில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையாகும். நான்கு ஆண்டுகளும் எட்டுப் பருவங்களும் கொண்ட இப்படிப்பில், டி.பார்ம். தேர்ச்சி பெற்றவர்கள் மூன்றாம் பருவத்தில் சேரலாம். மூன்று ஆண்டுகளில் பட்டம் கிடைக்கும். இது முழுநேரப் படிப்பாகும். ஒரு பருவத்தில் குறைந்தது 100 வேலைநாள்கள் வகுப்பு நடைபெற வேண்டும். 80 சதவீத வருகைப்பதிவு கட்டாயம்.

இரண்டாவது, பணியில் உள்ளவர்களையே கருத்தில் கொண்டு 2014-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் உருவாக்கப்பட்ட பி.பார்ம். (பிராக்டிஸ்) படிப்பாகும். 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று பரவலாக அழைக்கப்படும் இதன் காலம் இரண்டு ஆண்டுகள். ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் டி.பார்ம். முடித்துப் பதிவு பெற்றிருப்பதுடன், மருந்துக் கடையிலோ மருத்துவமனை மருந்தகத்திலோ குறைந்தது நான்கு ஆண்டுகள் பணியாற்றியிருக்கவும் வேண்டும். பட்டயத்துக்குப் பின்னரான பணி அனுபவத்தைச் சேர்க்கைக்கான தகுதியாக ஏற்பது இப்படிப்பின் சிறப்பு. எனினும், இதன் பெயர் பி.பார்ம். என்று மட்டும் அமையாமல் பி.பார்ம். (பிராக்டிஸ்) என்றே அமைகிறது. ஆகவே, இதற்குப் பின் எம்.பார்ம். படிக்கவோ குறிப்பிட்ட அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவோ எண்ணுபவர்கள், அந்தப் பல்கலைக்கழகம் அல்லது தேர்வாணையத்தின் தகுதி விதிகளை முன்னதாகவே படித்துப் பார்த்தல் நலம்.

மூன்றாவது, பார்ம்.டி. படிப்பில் முதலாம் ஆண்டிலேயே சேர்வதாகும். பிளஸ் 2 முடித்தவர்களைப் போலவே டி.பார்ம். முடித்தவர்களும் இதற்குத் தகுதியுடையவர்கள். ஐந்து ஆண்டுகள் பாடங்களும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் சேர்த்து மொத்தம் ஆறு ஆண்டுகள் ஆகும்.

இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். டி.பார்ம். முடித்தவர் மூன்று ஆண்டுகளில் பி.பார்ம். பெற்று, பின்னர் பட்டதாரிகளுக்கான மூன்று ஆண்டு பார்ம்.டி. படித்தாலும் ஆறு ஆண்டுகளே ஆகின்றன. இரு வழிகளும் ஒரே இடத்துக்கு ஒரே காலத்தில் கொண்டு சேர்க்கின்றன. ஆனால், இரண்டு கட்டங்களாகப் படிப்பவருக்கு மூன்றாம் ஆண்டின் இறுதியில் பி.பார்ம். பட்டம் கையில் இருக்கும். குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தவோ சில காலம் பணிக்குத் திரும்பவோ நேர்ந்தால் அது பாதுகாப்பாக அமையும். அதேவேளையில், பட்டதாரிகளுக்கான பார்ம்.டி. இடங்கள் மிகக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எம்.பார்ம்.: நுழைவுத் தேர்வும் உதவித்தொகையும்

பி.பார்ம். முடித்தவர்களுக்கான முதுநிலைப் படிப்பான எம்.பார்ம்., 2014-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகளின்படி நான்கு பருவங்களைக் கொண்ட இரண்டு ஆண்டுப் படிப்பாகும். பி.பார்ம். தேர்வில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையெனில், சேர்ந்த ஒரு மாதத்துக்குள் பதிவைப் பெற வேண்டும். பார்மசூட்டிக்ஸ், மருந்து வேதியியல், மருந்துப் பகுப்பாய்வு, மருந்துத் தர உறுதி, மருந்தியல், பார்மசி நடைமுறை உள்ளிட்ட பிரிவுகள் உள்ளன.

இதற்கான தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு 'ஜிபேட்' ஆகும். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும், 2019 முதல் தேசியத் தேர்வு முகமையும் நடத்திவந்த இத்தேர்வை, 2024 முதல் மருத்துவ அறிவியல்களுக்கான தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. மூன்று மணி நேரத்தில் 125 வினாக்கள். மொத்தம் 500 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண் வழங்கப்படும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். இத்தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் தமக்கெனத் தனி நுழைவுத் தேர்வும் நடத்துகின்றன.

ஜிபேட் தகுதி பெற்று முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் முதுநிலை உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 12,400 ரூபாய் என்ற விகிதத்தில் 24 மாதங்கள் வரை உதவித்தொகை உண்டு. உதவித்தொகை பெறும் காலத்தில் வேறு ஊதியம் பெறுதல் கூடாது என்பது நிபந்தனை. சேரவுள்ள கல்லூரி அத்திட்டத்தின்கீழ் வருகிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பணியை விட்டுவிட்டுப் படிக்க வருபவருக்கு இத்தொகையே மாத வருமானம் என்பதால், இது சிறிய விவரமன்று.

மருத்துவமனையை வகுப்பறையாகக் கொண்ட பார்ம்.டி.

எம்.பார்ம். படிப்பின் பல பிரிவுகள் ஆய்வகத்தையும் தொழிற்சாலையையும் நோக்கி அமைந்தவை. பார்ம்.டி. நோயாளியை நோக்கி அமைந்தது. 1990-களின் பிற்பகுதியில் மைசூரு, உதகமண்டலம் ஆகிய ஊர்களில் உள்ள ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரிகள் பார்மசி நடைமுறைப் பிரிவில் எம்.பார்ம். படிப்பைத் தொடங்கியதன் மூலம் மருத்துவமனை சார்ந்த பார்மசி கல்விக்கு வழி ஏற்பட்டது. 2008-ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ஒழுங்குமுறை விதிகள் பார்ம்.டி. படிப்பை நாடு முழுவதும் அறிமுகப்படுத்தின.

பி.பார்ம். பட்டதாரிகள் சேரும் பார்ம்.டி. (போஸ்ட் பேக்கலாரியேட்), இரண்டு ஆண்டுப் பாடங்களும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. இவர்கள் ஆறு ஆண்டுப் படிப்பின் நான்காம் ஆண்டில் சேர்வதற்கு இணையாகச் சேர்கின்றனர். முந்தைய ஆண்டுகளில் நடத்தப்படும் மருந்துச் சிகிச்சை முறைப் பாடங்களைப் பி.பார்ம். பட்டதாரிகள் படித்திருப்பதில்லை என்பதால், அவற்றையும் முதலாம் ஆண்டிலேயே சேர்த்துப் படிக்க வேண்டும். மருத்துவமனை பார்மசி, நச்சியல், உயிரிப் புள்ளியியல், மருத்துவ ஆராய்ச்சி, மருந்துப் பொருளாதாரம், உடலில் மருந்தின் அளவைக் கண்காணித்தல் ஆகியவை பிற முக்கியப் பாடங்கள். பாடங்களுடன் ஆறு மாத ஆய்வுத் திட்டமும் உண்டு.

உள்ளுறைப் பயிற்சியில் ஆறு மாதங்கள் பொது மருத்துவத் துறையிலும், வேறு மூன்று சிறப்புத் துறைகளில் தலா இரண்டு மாதங்களும் பணியாற்ற வேண்டும். கல்லூரிக்குக் குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் வசதி இருக்க வேண்டும் என்று விதிகள் வலியுறுத்துகின்றன. ஆறு ஆண்டுப் படிப்புக்கு 30 இடங்கள், பட்டதாரிகளுக்கான படிப்புக்கு 10 இடங்கள் என்று அவ்விதிகள் ஒரு கல்லூரிக்கான வரம்பை நிர்ணயித்தன. ஆறு ஆண்டு பார்ம்.டி. நடத்த அனுமதி பெற்ற கல்லூரியே மூன்று ஆண்டுப் படிப்பையும் நடத்தலாம்.

குறுகிய காலப் பயிற்சிகள் பட்டத்தில் சேருமா?

மேற்படிப்பை நாடும் மருந்தாளுநர்கள் அதிகம் எழுப்பும் வினா இது. பொதுவான விடை, சேராது என்பதே. பார்ம்.டி. விதிகளிலும் டி.பார்ம். முடித்தவர்களுக்கான சேர்க்கை விதிகளிலும் புத்தாக்கப் பயிற்சிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பாடத்தையோ காலத்தையோ குறைப்பதற்கு இடமில்லை.

எம்.பார்ம். படிப்பில் மட்டும் ஒரு சிறு வாயில் உள்ளது. அப்பட்டத்துக்குக் குறைந்தது 95 கிரெடிட் தேவை. அதிகபட்சம் 100 கிரெடிட் வரை ஈட்டலாம். இவற்றுள் குறைந்தது 2, அதிகபட்சம் 7 கிரெடிட் பாடத்துக்கு இணையான செயல்பாடுகளுக்கு உரியவை. தாம் பயிலும் பிரிவுடன் தொடர்புடைய தேசிய அளவிலான கருத்தரங்கம், பயிலரங்கம் அல்லது பயிற்சித் திட்டத்தில் பங்கேற்றால் 1 கிரெடிட் கிடைக்கும். சர்வதேச அளவிலானவற்றுக்கு 2 கிரெடிட் உண்டு. தரமான ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிடுவதற்கும் இதே தலைப்பின்கீழ் கிரெடிட் வழங்கப்படுகிறது. ஆனால், இவை அப்படிப்பில் மாணவராக இருக்கும் காலத்துச் செயல்பாடுகள் ஆகும். பணிக்காலத்தில் முன்பே சேர்த்து வைத்த சான்றிதழ்களைக் கொண்டு பாடங்களிலிருந்து விலக்குக் கோர இயலாது.

அதனால் இப்பயிற்சிகள் வீண் என்று பொருளல்ல. நீண்ட இடைவெளிக்குப் பின் கல்லூரிக்குத் திரும்புபவரைத் தயார்படுத்துவதே அவற்றின் உண்மையான பயன். இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை சில:

* உத்தரப் பிரதேசத்தின் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம், மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு குறித்த திறன் மேம்பாட்டுப் பயிற்சியை 2017 முதல் நடத்துகிறது. 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் தேசிய ஒருங்கிணைப்பு மையமாக 2011 ஏப்ரல் முதல் செயல்படுவதும் இவ்வாணையமே. மருந்துகளின் பாதக விளைவுகளை இனங்கண்டு தெரிவிக்கும் முறை இங்கு கற்பிக்கப்படுகிறது. மருத்துவமனை சார்ந்த படிப்பை நாடுபவர்களுக்கு இது நல்ல தொடக்கமாகும்.

* இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின்கீழ் சென்னையில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகள் குறித்த இணையவழிப் பாடத்தை வழங்குகிறது. ஆய்வு வினாவை வகுத்தல், மாதிரி அளவைத் தீர்மானித்தல், ஆய்வு நெறிமுறைகள் ஆகியவை இதில் விளக்கப்படுகின்றன. எம்.பார்ம்., பார்ம்.டி. இரண்டிலும் ஆய்வேடு உண்டு என்பதால் இப்பாடம் நேரடியாகப் பயன்படும்.

* 2017-இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' தளத்திலும் 'என்பிடெல்' தளத்திலும் புள்ளியியல், உயிர்வேதியியல், மருந்து வளர்ச்சி தொடர்பான பாடங்களைக் கட்டணமின்றிப் பயிலலாம். சான்றிதழ் வேண்டுபவர்கள் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும்.

தொலைநிலைப் பட்டங்களுக்கு இடமில்லை

பணியில் இருந்தபடியே வீட்டிலிருந்து பி.பார்ம்., எம்.பார்ம். பட்டம் பெறலாம் என்ற விளம்பரங்களிடம் எச்சரிக்கை தேவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகள், திறந்தநிலை, தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாத படிப்புகளைப் பட்டியலிட்டுள்ளன. மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், பொறியியல் ஆகியவற்றுடன் பார்மசியும் அப்பட்டியலில் உள்ளது. எனவே, அவ்வாறு பெறும் பட்டம் பதிவுக்கோ உயர்படிப்புக்கோ அரசுப் பணிக்கோ பயன்படாது.

பார்மசி சார்ந்த நிர்வாகம், மருந்துச் சட்டம், மருத்துவ ஆராய்ச்சி மேலாண்மை முதலிய தலைப்புகளில் தொலைநிலைச் சான்றிதழ்களும் பட்டயங்களும் வழங்கப்படுகின்றன. இவை பணியிடத்தில் மதிப்பைக் கூட்டக்கூடும். எனினும், பார்மசி சட்டத்தின்கீழான கல்வித் தகுதியாக இவை கொள்ளப்படுவதில்லை.

கடையில் சான்றிதழ், கல்லூரியில் மருந்தாளுநர்

முழுநேரப் படிப்பில் சேரும் மருந்தாளுநர் எதிர்கொள்ளும் பெரிய இடர்ப்பாடு வருமான இழப்பாகும். இதனை ஈடுகட்ட, பதிவுச் சான்றிதழை ஒரு கடையில் வைத்துவிட்டு மாதந்தோறும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு கல்லூரிக்குச் செல்லும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. இது சட்டத்துக்குப் புறம்பானது. மருந்தாளுநர் நேரில் இல்லாத கடையில் அவருடைய சான்றிதழைப் பயன்படுத்த அனுமதிப்பதை 2015-ஆம் ஆண்டு விதிகள் ஒழுங்கீனமாகக் கருதுகின்றன. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்கீழ் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் உள்ளது.

இதன் விளைவு மருந்தாளுநரோடு முடிவதில்லை. அவர் இல்லாத நேரத்தில் பயிற்சியற்ற ஒருவர் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறார். அளவோ பெயரோ மாறினால் பாதிக்கப்படுபவர் நோயாளி. பொறுப்பேற்க வேண்டியவர் சான்றிதழுக்கு உரியவர். நோயாளிக்கு மேலும் சிறப்பாகப் பணியாற்றக் கற்கச் சென்றவர், அக்கல்வியின் பொருட்டே நோயாளியை ஆபத்தில் விடுவதாக இது முடிகிறது. படிப்பில் சேரும்போது பணியிலிருந்து முறைப்படி விலகியதை எழுத்து மூலம் தெரிவித்து, கடை உரிமத்திலிருந்து தமது பெயர் நீக்கப்பட்டதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உறுதி செய்துகொள்வது மருந்தாளுநருக்குப் பாதுகாப்பாகும்.

பகுதிநேர முனைவர் பட்டம்

பணியை விடாமலேயே பெறக்கூடிய உயர் பட்டம் ஒன்று உண்டு. அது முனைவர் பட்டமாகும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகள் பகுதிநேர முனைவர் படிப்பை அனுமதிக்கின்றன. முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் தேவை. பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் அளிக்கப்படும் என்றும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் அச்சான்றில் குறிப்பிட வேண்டும். குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள். அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு உண்டு. தொலைநிலை முறையில் முனைவர் பட்டம் வழங்க அனுமதியில்லை.

பட்டத்துக்குப் பின்

கூடுதல் பட்டம் பெற்ற மருந்தாளுநர், கட்டணம் செலுத்தி அதனைப் பதிவேட்டில் சேர்க்கச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது. இதைப் பலர் தவறவிடுகின்றனர். பதிவேட்டில் டி.பார்ம். என்று மட்டும் இருந்தால், புதிய பட்டத்தின் அடிப்படையில் பணிக்கு விண்ணப்பிக்கும்போது தேவையற்ற தாமதம் நேரலாம்.

பட்டத்தால் திறக்கும் வாயில்கள் தெளிவானவை. மருந்து ஆய்வாளர் பணிக்கு 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின்படி பார்மசி பட்டம் தேவை, பட்டயம் போதாது. பார்மசி கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.பார்ம்., பேராசிரியராக முனைவர் பட்டம் வேண்டும். பார்மசி நடைமுறை விதிகளில் 2021-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், மருத்துவமனைகளில் கிளினிக்கல் மருந்தாளுநர், மருந்துத் தகவல் மருந்தாளுநர் ஆகிய பொறுப்புகளை வரையறுத்தது. பார்ம்.டி. அல்லது பார்மசி நடைமுறைப் பிரிவில் எம்.பார்ம். பெற்றவர்களுக்கு உரிய பொறுப்புகள் இவை.

சேர்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

* கல்லூரியும் குறிப்பிட்ட படிப்பும் பார்மசி கவுன்சிலின் ஒப்புதல் பெற்றுள்ளனவா என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். ஒரு கல்லூரியின் பி.பார்ம். படிப்புக்கு உள்ள ஒப்புதல் அதன் பார்ம்.டி. படிப்புக்குப் பொருந்தாது.

* சேர்க்கை ஆண்டுக்கு ஒப்புதல் உள்ளதா, அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும்.

* பார்ம்.டி. எனில், எந்த மருத்துவமனையில் பயிற்சி அளிக்கப்படுகிறது என்பதை நேரில் சென்று அறிதல் நன்று.

* பதிவின் காலாவதித் தேதி படிப்புக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்த்து, புத்தாக்கப் பயிற்சிகளை முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம்.

* பணி அனுபவச் சான்றிதழ், தடையில்லாச் சான்று, பணி விலகல் கடிதம் ஆகியவற்றின் நகல்களைப் பாதுகாக்க வேண்டும்.

* பணம் செலுத்தும் முன், வழங்கப்படவுள்ளது பங்கேற்புச் சான்றிதழா, பட்டயமா, பட்டமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும்.